கிளைசின்: 'அவசியமற்றது' என்ற சொல் செய்த குழப்பம்

சென்ற கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "அவசியமற்ற அமினோ அமிலங்கள் என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டு தருக" என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "நம் உடலுக்குத் தேவையில்லாத அமினோ அமிலங்கள் அவசியமற்ற அமினோ அமிலங்கள் எனப்படும். எ.கா. கிளைசின். இதை நாம் சாப்பிடக் கூடாது."

சிரித்துக்கொண்டே சுழித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் ஏறக்குறைய அதே விடை. 36 தாள்களைத் திருத்தி முடித்தபோது 11 பேர் இதே பொருள்பட எழுதியிருந்தார்கள். ஒருவர் தவறாக எழுதினால் அது மாணவரின் தவறு. பதினொரு பேர் ஒரே தவறை எழுதினால் அது கரும்பலகையிலிருந்து வந்த தவறு. நான்தான் பலகையை இரண்டாகப் பிரித்து, 'அவசியமானவை', 'அவசியமற்றவை' என்று தலைப்பிட்டு, இருபது பெயர்களையும் எழுதிப்போட்டு, "இந்தப் பக்கம் இருப்பதை உடம்பே செய்துகொள்ளும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன்.

அடுத்த வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதே மாணவி மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து, ஆசிரியர் அறையில் படுக்க வைத்தோம். பிறகு பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்தபோது அவளது ஹீமோகுளோபின் 8.2 கிராம்தான் இருந்தது. "வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "வயித்தப் பொரட்டுது டீச்சர். ரத்தத்துக்கு வேணுங்கறத உடம்பே செஞ்சுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

நான் சொன்னது அமினோ அமிலத்தைப் பற்றி. அவள் புரிந்துகொண்டது இரத்தத்தைப் பற்றி. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது தவறே இல்லை. கிளைசினுக்கும் இரத்தத்திற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதை நான்தான் சொல்லித்தரவில்லை. அன்று முதல் பழைய பி.எட். காலக் குறிப்புகளையும் உயிர்வேதியியல் நூல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இனிப்பில் தொடங்கிய கதை

பிரான்சு நாட்டின் நான்சி நகரில் ஆன்ரி பிராக்கோனோ என்ற வேதியியலாளர் இருந்தார். மரத்தூள், வைக்கோல், பழந்துணி போன்றவற்றைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சிதைத்தால் சர்க்கரை கிடைக்கிறது என்று அவர் 1819-இல் காட்டினார. தாவரப் பொருளில் சர்க்கரை கிடைத்தால் விலங்குப் பொருளில் என்ன கிடைக்கும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. 1820-இல் ஜெலட்டினை, அதாவது எலும்பையும் தோலையும் வேகவைத்தால் கிடைக்கும் பசையை, அமிலத்தில் கொதிக்க வைத்தார். இனிப்பான படிகங்கள் கிடைத்தன. அவற்றுக்கு 'ஜெலட்டின் சர்க்கரை' என்று பெயர் வைத்தார்.

அது சர்க்கரை அல்ல. அதில் நைட்ரஜன் இருப்பது பின்னாளில் தெரியவந்தது. ஆனாலும் இனிப்பு பெயரில் தங்கிவிட்டது. 'கிளைக்கிஸ்' என்றால் கிரேக்க மொழியில் இனிப்பு. அதிலிருந்து வந்ததே கிளைசின். குளுக்கோஸ் என்ற பெயருக்கும் வேர் அதுதான். ஒரு சுவாரசியமான செய்தி: 'கொல்லா' என்றால் கிரேக்கத்தில் பசை. பசையைத் தருவது என்ற பொருளில் வந்த பெயர் கொலாஜன். பிராக்கோனோ கொதிக்க வைத்த ஜெலட்டின், கொலாஜனிலிருந்து வருவது. இந்த இரண்டு பெயர்களும் மறுபடி சந்திக்கும் இடம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஈர்க்குச்சியில் ஒரு மூலக்கூறு

அமினோ அமிலங்களின் பொது அமைப்பு நமக்குத் தெரிந்ததே. நடுவில் ஒரு கார்பன். அதன் நான்கு கைகளில் ஓர் அமினோ தொகுதி, ஒரு கார்பாக்சில் தொகுதி, ஒரு ஹைட்ரஜன், ஒரு பக்கச்சங்கிலி. அமினோ அமிலத்திற்கு அமினோ அமிலம் மாறுவது பக்கச்சங்கிலி மட்டுமே. கிளைசினில் அந்தப் பக்கச்சங்கிலியும் வெறும் ஹைட்ரஜன் அணுதான். இதைவிடச் சிறிய அமினோ அமிலம் இருக்க முடியாது. இரண்டு கார்பன், ஐந்து ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். மூலக்கூறு நிறை ஏறத்தாழ 75.

இதனால் ஒரு தனித்தன்மை வருகிறது. புரதங்களில் உள்ள இருபது அமினோ அமிலங்களில் கிளைசின் ஒன்றுக்கு மட்டுமே சீர்மையற்ற கார்பன் கிடையாது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. நான்கு நிறக் களிமண் உருண்டைகளும் ஈர்க்குச்சிகளும் போதும். நான்கு கைகளிலும் நான்கு நிறம் வைத்து ஒரு மாதிரியையும், கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தைப் போல இன்னொரு மாதிரியையும் செய்யச் சொல்லுங்கள். ஒன்றை மற்றொன்றின் மேல் எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தாது, இடக்கைச் செருப்பு வலக்காலுக்குப் பொருந்தாததைப் போல. இப்போது இரண்டு மாதிரிகளிலும் ஒரு நிறத்தை எடுத்துவிட்டு, ஏற்கெனவே உள்ள ஒரு நிறத்தையே மீண்டும் வையுங்கள். அதுதான் கிளைசின். இரண்டும் பொருந்திவிடும். இடம், வலம் என்ற பேச்சே இல்லை. ஒளி சுழற்றும் தன்மையும் இல்லை.

மேல்நிலை வகுப்பில் சுவிட்டர் அயனியைக் கற்பிப்பவர்களுக்கும் கிளைசின் நல்ல எடுத்துக்காட்டு. அசிட்டிக் அமிலத்தில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அமினோ தொகுதியை வைத்தால் கிளைசின் வருகிறது. அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், நம் ஊர் வெயிலுக்குத் திரவம்தான். கிளைசினோ ஏறத்தாழ 233 டிகிரி வரை திடமாக இருந்து, பிறகு உருகும்போதே சிதைகிறது. இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன் என்று மாணவர்களைக் கேளுங்கள். கார்பாக்சில் தொகுதி தன் புரோட்டானை அதே மூலக்கூறின் அமினோ தொகுதிக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு முனை எதிர்மின், மறுமுனை நேர்மின். ஆகவே படிகத்துக்குள் உப்பைப் போல மின்கவர்ச்சியால் கட்டுண்டு கிடக்கிறது. நீரில் நன்றாகக் கரைவதற்கும் இதுவே காரணம். இதன் சமமின்புள்ளி பிஎச் 5.97. அந்த பிஎச்சில் மின்புலம் கொடுத்தாலும் எந்தப் பக்கமும் நகராது.

ஏன் அந்தப் பெயர்?

'அவசியமற்ற' என்ற அடைமொழி உணவைப் பற்றியது, உடலைப் பற்றியது அல்ல. உடலால் செய்துகொள்ள முடிவதால் உணவில் கட்டாயம் இருக்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். உடலுக்குள் அதற்கு வேலை இல்லை என்பது பொருள் அன்று. வேலை அதிகம் என்பதாலேயே உடல் அதைத் தன் கையில் வைத்திருக்கிறது என்றுகூட மாணவர்களிடம் சொல்லலாம்.

உடல் அதை எதிலிருந்து செய்கிறது? சோற்றிலிருந்து என்று சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சோற்றின் ஸ்டார்ச் குளுக்கோஸ் ஆகிறது. குளுக்கோஸ் சிதையும் பாதையில் வரும் ஓர் இடைப்பொருள், குளுட்டமிக் அமிலத்திடமிருந்து நைட்ரஜனைப் பெற்று, செரின் என்ற அமினோ அமிலம் ஆகிறது. செரினுக்குப் பக்கச்சங்கிலியில் ஒரு கார்பன் உண்டு. அந்தக் கார்பனைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது கிளைசின். கழற்றும் நொதியின் பெயர் நீளமானது: செரின் ஹைட்ராக்சிமெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ்.

பெயரைவிட முக்கியமானது அந்த நொதிக்கு வேண்டிய இரண்டு துணைகள். ஒன்று வைட்டமின் பி6-இலிருந்து வருவது. மற்றொன்று ஃபோலிக் அமிலத்திலிருந்து வருவது. கழற்றிய கார்பனை வாங்கிக்கொள்வது ஃபோலிக் அமிலத்தின் வேலை. வாங்கியதை அது வீணாக்குவதில்லை, டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களைச் செய்யக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. புதிய செல்கள் உருவாக டி.என்.ஏ. வேண்டும். அதனால்தான் ஃபோலிக் அமிலம் குறைந்தால் இரத்த செல்கள் சரியாகப் பெருகுவதில்லை. நாம் வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேகமாக வளரும் பருவத்திலும் நோயிலும் உடல் செய்துகொள்ளும் கிளைசின் அதன் முழுத் தேவைக்கும் போதாமல் போகலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஆகவே 'அவசியமற்றது' என்ற பட்டியலைக் கல்லில் செதுக்கியதாக எண்ண வேண்டியதில்லை.

மூன்றில் ஒன்று: சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

நம் உடலில் உள்ள புரதத்தில் கால் பங்குக்கு மேல் கொலாஜன்தான். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் அதுவே பின்னல். அந்தக் கொலாஜனைப் பகுத்துப் பார்த்தவர்கள், அதன் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின் என்று கண்டார்கள். ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். இராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதுதான். கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்பதை அறிந்து அதைக் கையிலெடுத்தார். அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கொலாஜன் கிடைத்தது. கங்காரு வாலின் தசைநாணிலிருந்தும் நல்ல எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்தார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இலும் 1955-இலும் 'நேச்சர்' இதழில் அவர் வெளியிட்ட விடை இதுதான்: கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட கயிறு.

கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறுகல். முறுக்கில் ஒவ்வோர் இழையின் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் அந்த நடுப்பகுதிக்கு வந்தாக வேண்டும். அங்கே ஒரு ஹைட்ரஜன் அணுவைத் தவிர வேறெந்தப் பக்கச்சங்கிலிக்கும் இடம் கிடையாது. ஆகவே மூன்றில் ஒன்று கிளைசின். சிறியதாக இருப்பதே அதன் தகுதி. ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாகப் பெரிய அமினோ அமிலம் ஒன்று வந்துவிட்டால் கயிறு அங்கே சரியாக முறுக்கேறாது. எளிதில் உடையும் எலும்புகளோடு பிறக்கும் குழந்தைகளில் பலருக்குக் காரணம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட இழையில் இப்படி ஒரே ஒரு கிளைசின் மாறிப்போனதுதான்.

1963-இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் சென்னையிலிருந்தே வெளியிட்டது 'இராமச்சந்திரன் வரைபடம்'. புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று காட்டும் வரைபடம் அது. மற்ற அமினோ அமிலங்களுக்கு அதில் சிறு திட்டுகள் மட்டுமே அனுமதி. கிளைசினுக்கோ பரந்த வெளி. முட்டிக்கொள்ளப் பக்கச்சங்கிலி இல்லாததால் அது எங்கும் வளையும். புரத இழை சட்டென்று திரும்பும் வளைவுகளில் கிளைசின் அடிக்கடி இருப்பது அதனால்தான். உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்தும் இந்த வரைபடம் நம் தலைநகரில் பிறந்தது என்பதை எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?

இந்த இடத்தில் ஒரு கேள்வி நிச்சயம் வரும். "கை ஒடிஞ்சப்போ பாட்டி ஆட்டுக்கால் சூப் வச்சுக் கொடுத்தாங்க டீச்சர். அது நேரா எலும்புக்குப் போகுமா?" ஆட்டுக்கால் சூப்பில் கரைந்திருப்பது ஜெலட்டின். அதில் கிளைசின் நிறையவே இருக்கிறது. ஆனால் குடித்த ஜெலட்டின் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் செரிக்கப்பட்ட பிறகே இரத்தத்தில் சேர்கிறது. நேராகப் போய் எலும்பில் ஒட்டிக்கொள்வதில்லை. மேலும் டிரிப்டோஃபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் ஜெலட்டினில் இல்லை. எலும்புப் பசையை மட்டுமே கொடுத்து ஏழைகளைப் போஷிக்கலாமா என்று பிரான்சில் நீண்ட விவாதம் நடந்தது. மாகெண்டி தலைமையில் அமைந்த குழு 1841-இல், ஜெலட்டின் மட்டும் உயிரைக் காக்கப் போதாது என்று அறிக்கை தந்தது. ஆகவே பாட்டியின் சூப்பைக் குறை சொல்ல வேண்டாம். அதோடு முட்டை, பருப்பு, நிலக்கடலை, பால் இவையும் வேண்டும் என்று சொன்னால் போதும். விலை உயர்ந்த கொலாஜன் பொடி விளம்பரங்களைப் பார்த்துக் கேட்கும் மாணவர்களுக்கும் இதுவே தொடக்க விடை.

இரத்தத்தின் சிவப்பு

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

1945-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷெமின் என்ற உயிர்வேதியியலாளர், சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமான நைட்ரஜன்-15 கொண்ட கிளைசினைத் தயாரித்தார். அதில் 66 கிராமைச் சில நாள்களில் தாமே சாப்பிட்டார். பிறகு தம் இரத்தத்தை அவ்வப்போது எடுத்துச் சோதித்துவந்தார். அடையாளமிட்ட நைட்ரஜன் ஹீமோகுளோபினின் ஹீம் வளையத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. சில வாரங்களில் உச்சத்தை எட்டி, நெடுநாள் அப்படியே இருந்து, பிறகு குறையத் தொடங்கியது. சிவப்பணு பிறந்து, வாழ்ந்து, அழியும் காலத்தை அந்தக் கோடு காட்டிக்கொடுத்தது. அவரும் ரிட்டன்பெர்க்கும் 1946-இல் வெளியிட்ட கணக்கு 127 நாள். நம் பாடப்புத்தகத்தில் 'சிவப்பணுவின் ஆயுட்காலம் 120 நாள்' என்று ஒரு வரியில் கடந்துபோகிறோமே, அந்த வரிக்குப் பின்னால் கிளைசினைச் சாப்பிட்ட ஒரு மனிதர் இருக்கிறார்.

ஹீம் உருவாகும் முறை இது. எலும்பு மஜ்ஜை செல்களின் மைட்டோகாண்டிரியாவில் கிளைசினும் சக்சினைல் கோஎன்சைம்-ஏ என்ற பொருளும் சேர்கின்றன. இங்கும் வைட்டமின் பி6 துணை வேண்டும. கிளைசினின் கார்பாக்சில் கார்பன் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. கிடைக்கும் பொருளில் இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு சிறு வளையங்கள். நான்கும் சேர்ந்து ஒரு பெரிய வளையம். ஆக ஒரு ஹீமுக்கு எட்டு கிளைசின் வேண்டும். வளையத்தின் நான்கு நைட்ரஜன் அணுக்களும் கிளைசின் தந்தவையே. கடைசியில், அந்த நான்கு நைட்ரஜனுக்கும் நடுவில் ஓர் இரும்பு அயனி வந்து அமர்கிறது. அப்போதுதான் அது ஹீம்.

கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் 4 ஹீம். ஒவ்வொரு ஹீமுக்கும் 8 கிளைசின். பெருக்கினால் ஒரே ஒரு சிவப்பணுவின் ஹீமுக்கு மட்டும் 864 கோடி கிளைசின். நம் உடல் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. இதையா அவசியமற்றது என்று எழுதினோம்?

அந்த மாணவிக்கு நான் பலகையில் வரைந்து காட்டியது இதைத்தான். "வளையத்தை உடம்பே செஞ்சுக்கும்மா. அதுல நான் சொன்னது சரி. ஆனா நடுவுல இருக்கிற இந்தப் புள்ளி இருக்கு பார், இரும்பு, இத எந்த உடம்பாலும் செய்ய முடியாது. அது ஒரு தனிமம். வெளியே இருந்துதான் வரணும்." கதவும் நிலையும் நாமே செய்துகொள்ளலாம், பூட்டைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றேன். புரிந்தது என்று தலையசைத்தாள்.

மாத்திரை நாளில் நாம் சொல்ல வேண்டியவையும் உண்டு. வெறும் வயிற்றில் போடாமல் மதிய உணவுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். மலம் கருப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். மாத்திரையோடும் அதை ஒட்டியும் டீ, காபி குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்தால் கூடும். குடற்புழு நீக்க மாத்திரையும் தவறக் கூடாது. கொக்கிப்புழு உறிஞ்சுவது இதே இரத்தத்தைத்தான்.

எட்டிக்காயும் ரணஜன்னியும்

கிளைசின் கட்டுமானப் பொருள் மட்டும் அல்ல, செய்தி சொல்லும் பொருளும்கூட. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் 'போதும், நிறுத்து' என்று நரம்பு செல்களுக்குச் சொல்லும் வேதிப்பொருள்களில் அது ஒன்று. கையை மடக்கும் தசை சுருங்கும்போது, நீட்டும் தசை தளர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் கை விறைத்துவிடும். தளரச் சொல்லும் செய்தியில் கிளைசினுக்குப் பங்கு உண்டு. அது ஏற்பியில் சேர்ந்ததும் குளோரைடு அயனிகள் உள்ளே நுழைகின்றன. நரம்பு செல் அடங்குகிறது.

எட்டி மரத்தை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதன் கொட்டையில் உள்ள ஸ்டிரிக்னைன் என்ற நஞ்சு, இந்தக் கிளைசின் ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. 'நிறுத்து' என்ற சொல் போய்ச் சேராது. உடல் வில்லாக விறைத்து வலிப்பு வரும். ரணஜன்னிக் கிருமியின் நஞ்சு இன்னொரு வழியில் அதையே செய்கிறது. கிளைசின் போன்ற அடக்கும் பொருள்கள் நரம்பு முனையிலிருந்து வெளிவருவதையே அது தடுக்கிறது. தாடை பூட்டிக்கொள்வதும் முதுகு வளைவதும் அதனால்தான். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி தடுப்பூசிக்குப் பயந்து மாணவர்கள் கழிவறையில் ஒளிந்துகொள்ளும் நாளில், இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் சில வேலைகள், பிறகு முடிவு

கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளில் ஒரு பகுதி கிளைசினோடு இணைந்தவை. தசைக்கு அவசர ஆற்றல் தரும் கிரியேட்டின், செல்லைக் காக்கும் குளுட்டதயோன், டி.என்.ஏ.வின் அடினின், குவானின் ஆகியவற்றின் கட்டமைப்பிலும் கிளைசின் உண்டு. கடை ஊறுகாய்ப் பாட்டிலின் சீட்டில் சோடியம் பென்சோயேட் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உணவில் வரும் பென்சாயிக் அமிலத்தைக் கல்லீரல் கிளைசினோடு கட்டி, ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. குதிரைச் சிறுநீரில் முதலில் கண்டறியப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர். கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை.

வேலை முடிந்து மிஞ்சும் கிளைசினை மைட்டோகாண்டிரியாவில் உள்ள நான்கு புரதங்கள் கொண்ட ஒரு நொதித் தொகுப்பு பிளக்கிறது. ஒரு கார்பன் கார்பன் டை ஆக்சைடாகிறது. நைட்ரஜன் அம்மோனியாவாகி, முடிவில் யூரியாவாக வெளியேறுகிறது. மற்றொரு கார்பன் மறுபடியும் ஃபோலிக் அமிலத்தின் கைக்கே போகிறது. பிறவியிலேயே இத்தொகுப்பு பழுதான குழந்தைகளுக்குக் கிளைசின் மூளையில் தேங்கிக் கடும் வலிப்பு உண்டாகிறது. தேவையானதும் அளவோடு இருக்க வேண்டும்.

பதினோராம் வகுப்புத் தாவரவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வரி: ஒளிச்சுவாசத்தின்போது நெல் இலையின் மைட்டோகாண்டிரியாவில் இரண்டு கிளைசின் சேர்ந்து ஒரு செரினாகி, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறதே, அங்கே வேலை செய்வதும் இதே வகை நொதித் தொகுப்புதான். மனிதக் கல்லீரலும் நெல் இலையும் ஒரே கருவியை வைத்திருக்கின்றன.

வகுப்பறைக்குச் சில யோசனைகள்

தொடக்க வகுப்பு: பெயரும் வாய்பாடும் வேண்டாம். மூன்று நிற நூல்களைக் கொடுத்து முறுக்கச் சொல்லுங்கள். ஒற்றை நூலை அறுத்துப் பார்க்கட்டும், முறுக்கிய கயிற்றையும் அறுத்துப் பார்க்கட்டும். "உன் எலும்புக்குள்ளும் தோலுக்குள்ளும் இப்படி ஒரு கயிறு இருக்கிறது" என்று சொன்னால் போதும். மதிய உணவின் முட்டையை ஒதுக்காமல் சாப்பிட அது ஒரு காரணமாகட்டும்.

ஆறு முதல் எட்டு வரை: மூன்று வரிசையாக மாணவர்களை நெருக்கி நிற்க வைத்து, ஒவ்வொரு மூன்றாம் மாணவரும் நடுப்பக்கம் திரும்பட்டும். நடுவில் திரும்புபவர் புத்தகப்பை மாட்டியிருந்தால் வரிசை நெருங்காது. பையைக் கழற்றினால் நெருங்கும். கிளைசின் பை இல்லாத பிள்ளை.

ஒன்பது, பத்து: 'அவசியமானவை', 'அவசியமற்றவை' என்று எழுதும்போது அடைப்புக்குறியில் 'உணவில் இருந்தே ஆக வேண்டியவை', 'உடலும் செய்துகொள்பவை' என்றும் எழுதுங்கள். தேர்விலும் வரையறையைக் கேட்காமல், "கிளைசினை அவசியமற்றது என்கிறோம். அப்படியானால் அது உடலுக்குத் தேவையில்லையா? காரணம் கூறு" என்று கேளுங்கள்.

மேல்நிலை: களிமண் மாதிரி, உருகுநிலை ஒப்பீடு, ஹீம் கணக்கு, இராமச்சந்திரன் வரைபடம். வேதியியல், விலங்கியல், தாவரவியல் ஆசிரியர்கள் மூவரும் ஒரே வாரத்தில் ஒரே மூலக்கூறைத் தத்தம் பாடத்திலிருந்து எடுத்துப் பேசினால் மாணவர்களுக்கு அது மறக்காது.

நான் அரையாண்டுத் தேர்வில் அந்த மாற்றிய வினாவைத்தான் கேட்டேன். 36 பேரில் 29 பேர் சரியான காரணம் எழுதியிருந்தார்கள். மீதி ஏழு பேருக்கு மறுபடியும் சொல்லிக்கொடுத்தேன். அந்த மாணவிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடர்ந்து மருந்து கொடுத்தார்கள். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.6. இன்னும் ஏற வேண்டும். ஆனால் வழிபாட்டுக் கூட்டத்தில் இப்போது கடைசி வரை நிற்கிறாள்.

மாத்திரை நாளில் நீல நிற அட்டையை நான் வகுப்பில் எடுத்ததும் அவள்தான் முதலில் எழுந்து தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைக்கிறாள். பக்கத்தில் இருப்பவள் முகம் சுளித்தால், "நடுவுல வைக்கிற புள்ளிடி, அத மட்டும் நம்மால செய்ய முடியாது" என்கிறாள்.